பேசாதவருக்கு எதுக்கு போன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் "இடம் இல்லை" என்று போன் கையை விரித்துவிட்டது. கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம் பார்த்துத்தான் இதற்கு இடமில்லாமல் போகும். மூலை நசுங்கி வந்த ஒரு பார்சலைப் படம் எடுக்கவேண்டும். கேமரா திறக்கவே மாட்டேன் என்கிறது. வழக்கம்போல மேலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். பூ போட்ட காலை வணக்கங்கள், மகள் அனுப்பிய வீடியோக்கள், பார்சல் படங்கள், எல்லாம் போயிற்று. இரண்டு நிமிடத்தில் போன் பளிச்.

என் கை அப்படிப் பழகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக பார்சல் ஆபீசில் ஒரே சட்டம்தான்: வந்தது போகணும், சாயங்காலம் அலமாரி காலியாக இருக்கணும். போனையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கேட்டாச்சா, அழி. பார்த்தாச்சா, அழி.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில்.

"டீ போடட்டுமா?"

"ஆமா."

"வேண்டாமா?"

"ஆமா."

பதினொரு மாதமாக இந்த ஒரு வார்த்தைதான். பக்கவாதம் வந்து வலது கையையும் வாயையும் ஒரே நாளில் கட்டிப்போட்டுவிட்டுப் போனது. கால் பரவாயில்லை, நடக்கிறார். நான் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில்தான் வரவில்லை. தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான் வேணுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்கிறேன். இன்று வேணும்.

மார்ச் 6, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற டீச்சர் இன்று என்னைத் தனியாக சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"முன்னாடி அவர் பேசின ரெக்கார்டிங் எதாவது வச்சிருக்கீங்களா? வாய்ஸ் மெசேஜ், வீடியோ, எதுவானாலும்."

"எதுக்குங்க?"

"அவர் எப்படிப் பேசுவார், எந்த வார்த்தையை அடிக்கடி சொல்வார்னு எனக்குத் தெரியணும். நான் பாட்டுக்கு புஸ்தகத்துல இருக்கற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன். அவரோட வார்த்தை வேற. வருஷக்கணக்கா வாயில புழங்கினதுதான் சிலருக்கு முதல்ல திரும்பி வருது. அவர் குரலை அவரே கேட்டா ஒரு பிடிப்பு கிடைக்கலாம்."

கிடைக்கும் என்று சொல்லவில்லை, கிடைக்கலாம் என்றார். நாள் ஆக ஆகக் கஷ்டம், இந்த வருடத்தை விடக்கூடாது என்றும் சொன்னார். நான் பெரிதாகத் தலையாட்டினேன். ஏகப்பட்டது இருக்குங்க, எனக்கு தினம் நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரே என்றேன்.

அனுப்பினார். எங்கே இருக்கிறது?

மார்ச் 7, வெள்ளி

ஒன்றுகூட இல்லை.

மார்ச் 8, சனி

அவருக்கு டைப் அடிக்கப் பிடிக்காது. லிஃப்ட் மெக்கானிக்; கை எப்போதும் கிரீஸாக இருக்கும். அதனால் எல்லாமே குரல்தான். மதியம் சாப்பிட்டதும் ஒன்று, மாலை கிளம்பும்போது ஒன்று, வழியில் எதையாவது பார்த்தால் ஒன்று. "ஏய் பார்சல், இங்க ஒரு கட்டடத்துல லிஃப்டுக்குள்ள கண்ணாடி வச்சிருக்கான். எல்லாரும் தலை சீவிக்கிட்டே எறங்க மறந்துடறாங்க." இப்படி ஒன்று. பார்சல் என்றால் நான். இது எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. மற்ற ஆயிரம்?

போன் பண்ணினால் இன்னும் வேடிக்கை. கூப்பிட்டது அவராகத்தான் இருக்கும். நான் எடுத்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை: "சொல்லு."

"நீங்கதானே கூப்பிட்டீங்க? நீங்க சொல்லுங்க."

"சரி சரி, நீ சொல்லு."

இருபத்தெட்டு வருடமும் இதே கூத்து. கல்யாணமான புதிதில் எரிச்சலாக வரும். மனுஷனுக்குப் பேச விஷயமே இல்லை, என் வாயைக் கிளறுவதற்காகவே கூப்பிடுகிறார் என்று என் அக்காவிடம் குறைபட்டிருக்கிறேன். அக்கா சிரித்தாள். "உன்னைக் கேக்க ஒருத்தர் இருக்காரேடி" என்றாள். அப்போது அது எனக்கு ஏறவில்லை.

அத்தனையையும் என் கட்டைவிரலால் அழித்திருக்கிறேன். கேட்டாச்சு, அழிச்சாச்சு. பாவி.

மார்ச் 9, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். வீடியோ காலில் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"அம்மா, ஒண்ணுகூடவா வைக்கல?"

"உங்கிட்ட இருக்குமில்ல?"

அவள் போன் மாற்றியபோது பழைய பேச்சுகளை எடுத்து வைக்கவில்லையாம். தேடித் தேடி இரண்டு கிடைத்தது. ஒன்றில் "சரிம்மா." இன்னொன்றில் தும்முகிறார். கை தவறி அனுப்பியது போல. அந்தத் தும்மலை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டேன். நான்காவது முறை இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள்.

அவள் கல்யாண வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரம். அவர் வாய் அசைகிறது, சிரிக்கிறார், யாரையோ கூப்பிடுகிறார். எல்லாவற்றின் மேலும் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான் அந்த வீடியோக்காரன். நாசமாய்ப் போக.

மார்ச் 11, செவ்வாய்

மேஜை டிராயரில் அவருடைய உடைந்த போன் கிடந்தது. பக்கவாதம் வந்து விழுந்த அன்று அவரோடு சேர்ந்து படியில் உருண்டது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு எதிர்வரிசையில் இருக்கிற ரிப்பேர் கடைக்குப் போனேன். கடை நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே பேசுவாள். அதனால் எங்கள் ஆபீசில் அவளுக்குப் பெயர் நெற்றிக்கண். கோபமும் அதற்கேற்ற மாதிரிதான்.

திறந்து பார்த்தாள். உள்ளே சர்க்யூட் பலகையே விரிசல் விட்டிருக்கிறதாம்.

"இது போயிடுச்சுக்கா. ஆனா போன் போனா போன் மட்டும்தான் போகுது. உள்ள இருந்தது அவர் அக்கவுன்ட்ல ஏறியிருக்கலாம். அவர் எதுல ரெக்கார்ட் பண்ணுவார்?"

அப்போதுதான் உறைத்தது. அவர் லிஃப்டின் சத்தத்தையெல்லாம் பதிவு செய்வார்! மோட்டார் எப்படிக் கத்துகிறது, கதவு எப்படி இழுக்கிறது என்று போனைக் காட்டிப் பிடித்து, கூடவே முணுமுணுப்பார். வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்பார். நான் திட்டுவேன், வீட்டுக்குள்ளயுமா லிஃப்ட் என்று.

நெற்றிக்கண் என் போனையும் பிடுங்கிப் பார்த்தாள். அதற்குத் தனி அர்ச்சனை. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுகிறேனாம், அதனால்தான் பின்பக்கம் உப்பியிருக்கிறதாம். "பேட்டரி உப்பினா அதுக்கப்பறம் ஒரு நாளும் வச்சுக்கக்கூடாது. கல்லு மாதிரி தட்டையான எடத்துல வச்சு சார்ஜ் போடுங்க. துணிக்குள்ள சுத்தி வைக்காதீங்க." பேட்டரி மாற்றிக் கொடுத்தாள். இடம் இல்லை என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதே, எது இடத்தை அடைக்கிறது என்று செட்டிங்ஸில் பார், பத்தில் எட்டு முறை அது குரூப்பில் வந்த வீடியோவாகத்தான் இருக்கும் என்றாள். குரல் செய்தி ஒன்று எள்ளளவு இடம்தான் எடுக்குமாம்.

எள்ளளவு. அதற்காகவா அழித்தேன்.

மார்ச் 15, சனி

அவர் அக்கவுன்டைத் திறக்கப் பார்த்தோம். மகள் வீடியோ காலில், நான் லேப்டாப் முன்னால், அவர் பக்கத்தில். நீங்கள் சம்மதித்தால்தான் திறப்பேன் என்றேன். தலையாட்டி "ஆமா" என்றார். ரகசியக் குறியீடு என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியும்! கண்ணில் தெரிந்தது. இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். ஒரு கோடு, இன்னொரு கோடு, வளைத்து ஒரு சுழி. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பேனாவைத் தூக்கி எறிந்தார்.

மகளின் பிறந்தநாள், எங்கள் கல்யாண நாள், பழைய வீட்டுக் கதவு எண், எதுவும் இல்லை.

"போதும்மா, நிறைய தடவை தப்பாப் போட்டா பூட்டிடும். மறந்துட்டேன்னு அமுக்குங்க. அப்பா நம்பருக்கு ஓடிபி வரும்" என்றாள் மகள்.

திரையில் வந்தது: 46 என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பட்டுமா?

மகள் இரண்டு முறை "அம்மா? அம்மா?" என்றாள்.

அந்த எண் இல்லை. நான்தான் விட்டுவிட்டேன். போன வருடம் ஜூலையில், ரீசார்ஜ் பண்ணச் சொல்லி மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. மகள் ஞாபகப்படுத்தினாள். நான் இதே அறையில், இதே இடத்தில் நின்று சொன்னேன்: "பேசாதவருக்கு எதுக்கு போன்?"

அவர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் புரிகிறவர்.

மார்ச் 16, ஞாயிறு

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மதிய இடைவேளையில் ஒரு தைரியம் வந்து, அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என் போனில் இன்னும் "அவர்" என்றுதான் இருக்கிறது. உபயோகத்தில் இல்லை என்று சொல்லும் என்று நினைத்தேன். மணி அடித்தது.

"வணக்கம், யாருங்க?" ஆண்குரல். பின்னால் ரேடியோ, கத்தரிச் சத்தம்.

சலூன் வைத்திருக்கிறாராம். ஜனவரியில் புது சிம் வாங்கினபோது இந்த எண்ணைக் கொடுத்தார்களாம். ஒரு எண்ணை விட்டுவிட்டால் சில மாதம் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் மூச்சு விடாமல் கதையைச் சொன்னேன். இப்ப ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும் என்றேன்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஓடிபி யாருக்கும் சொல்றதா இல்ல."

"அது உங்களோடது இல்லீங்க, எங்க வீட்டுக்காரரோடது!"

"இருக்கலாம். நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் இப்படித்தான் ஒரு அம்மா அழுதுக்கிட்டே எங்கிட்ட கேட்டாங்க. எங்கக்கா பையன் இப்படி ஓடிபி சொல்லி ஏமாந்தது எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கங்க."

வைத்துவிட்டார். கல்நெஞ்சக்காரன், நன்றாயிருப்பானா என்றெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டு கவுன்ட்டருக்குத் திரும்பினேன். என் தலைக்கு மேலே தொங்குகிற அட்டை கண்ணில் பட்டது. "டெலிவரி ஓடிபியைக் கவுன்ட்டரில் மட்டும் சொல்லவும். போனில் யார் கேட்டாலும், அழுதாலும், சொல்லாதீர்கள்." என் கையெழுத்து. "அழுதாலும்" என்று சேர்த்தவளும் நான்தான்.

மார்ச் 19, புதன்

அந்த ஆள் செய்தது சரி. அதுதான் கடுப்பாக இருக்கிறது.

இன்று மட்டும் மூன்று பேர் "உங்க பார்சல் நிக்குது, இந்த லிங்க்கை அமுக்குங்க" என்று வந்த மெசேஜைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாங்க லிங்க் அனுப்பறதே இல்லைங்க, அமுக்காம நேரா வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம் என்றேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

சலூன்காரர் அவராகவே கூப்பிட்டார்! திரையில் "அவர்" என்று வந்ததும் எனக்கு ஒரு நொடி உயிர் போய் வந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்கா?"

நான் அன்று அதைச் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்றேன்.

"ரெண்டு மாசமா எனக்கு லிஃப்ட் போனாத்தாங்க வருது. நான் ராங் நம்பர்னு வச்சிடுவேன். ஒரு நாள் ஒரு லேடி, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. மூச்சு முட்டுதுன்னு ஒரே அழுகை. பழைய நம்பர் லிஃப்ட் சுவத்துல ஒட்டியிருக்காம். எனக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்? ஆளுங்களைக் கூப்பிடறேன், வச்சிடறேன்னேன். வைக்காதீங்க, முன்னாடி இருந்தவர் வைக்கவே மாட்டாரு, கதவு திறக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பாருன்னாங்க. அப்பறம் என்ன, கட்டடம் எதுன்னு கேட்டு, கடைப் பையனை அங்க அனுப்பி வாட்ச்மேனைத் தேடச் சொல்லிட்டு, பாதி தாடியோட ஒருத்தரை உட்கார வச்சுட்டு, முப்பத்தஞ்சு நிமிஷம் அந்த அம்மாகிட்ட பேசினேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஓடிபியை போன்ல சொல்ல மாட்டேன். அது மாறாது. ஆனா நேர்ல வர்றேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு. அவரைப் பாக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு."

மார்ச் 25, செவ்வாய்

லீவு போட்டேன். பத்து மணிக்கு வந்தார். ஒல்லியாக, சின்னப் பையோடு. அவரைப் பார்த்ததும் கும்பிட்டார். பிறகு தலையைப் பார்த்தார். பதினொரு மாதமாக நான் வெட்டிவிட்ட தலை.

"யாரு வெட்டினது?"

நான் என்றேன்.

"தெரியுது" என்றார். என் வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன்!

பையைத் திறந்து துண்டைப் போர்த்தி முடியைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். வெட்டிக்கொண்டே, லிஃப்ட் கதையை மறுபடி முழுசாகச் சொன்னார், இந்த முறை அவரிடம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அந்த அம்மா நான்காவது மாடி என்று சொன்ன இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, இடது கையால் காற்றில் ஒரு கதவை இழுத்துக் காட்டினார். அந்தக் கட்டடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கதவு என்றும்.

முடி வெட்டி முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். "அனுப்பு" என்று அமுக்கினேன். சலூன்காரரின் சட்டைப்பையில் டிங் என்றது. அவர் போனை எடுத்தார், படிக்கவில்லை. என்னிடமும் தரவில்லை. என் வீட்டுக்காரரின் இடது கையில் வைத்தார்.

"உங்க நம்பருக்கு வந்தது. நீங்களே பாருங்க."

ஆறு இலக்கம். எழுத முடியாதவர்தான். ஆனால் போனைப் பார்த்து லேப்டாப்பில் ஒவ்வொரு எண்ணாக விரலால் தேடித் தேடி அமுக்கினார். நாலாவதில் தப்பினார், அழித்தார், மறுபடி. நான் உதவக் கையை நீட்டினேன். சலூன்காரர் என்னைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டேன்.

திறந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். சலூன்காரர் ஒன்றையாவது கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். மேலே இருந்ததை அமுக்கினேன். ஒரு மோட்டார் கரகரத்தது. பிறகு அவர் குரல், எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறையிலிருந்து:

"சொல்லு. என்ன பண்ணுது உனக்கு? நேத்து நல்லாத்தானே இருந்தே?"

நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு ஆண்களும் லேப்டாப்பின் மேல் குனிந்து அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 27, வியாழன்

எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. அரை நிமிடம் சத்தம், பத்து விநாடி பேச்சு. லிஃப்டிடம் பேசுகிறார். "எங்க வலிக்குது?" "கதவு, கதவு, கதவுதான் திருடன்." "இப்ப பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." இது உள்ளே மாட்டிக்கொண்ட யாருக்கோ. ஒன்றில் நம் வீட்டு மிக்ஸி! மிக்ஸி கரகரவென்று ஓடுகிறது. நான் பின்னால் யாரையோ வைகிறேன். அவர் கிசுகிசுப்பாக, "இதுல எது சத்தம் ஜாஸ்தின்னு பாக்கணும்" என்கிறார்.

இன்று காலையில் டீச்சருக்குப் போட்டுக் காட்டினேன். குறிப்பு எடுத்து எடுத்து அவருக்குக் கை வலித்துவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். இனிமேல் ஆப்பிள், பந்து எல்லாம் கிடையாது. கதவு, கயிறு, மேலே, கீழே.

மார்ச் 29, சனி

நெற்றிக்கண்ணிடம் போய் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். ஒன்று மகளிடம், ஒன்று பீரோவில். ஒரே இடத்தில் இருந்தால் அது இருக்கிறதாகவே கணக்கில்லை என்கிறாள்.

அவள் சொன்னதில் என்னைக் குத்தினதை மட்டும் எழுதி வைக்கிறேன். எண்ணை விடுவதற்கு முன்னால் அது எதற்கெல்லாம் சாவியாக இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் புது எண்ணை மாற்றவேண்டும். அக்கவுன்டுக்கு இரண்டாவது வழி ஒன்று வைக்கவேண்டும். மகள் எண்ணாவது, காகிதத்தில் எழுதின குறியீடாவது. அப்புறம் இன்னொன்று. பூட்டியிருக்கிற போனிலேயே அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிகிற மாதிரி வைக்க ஒரு இடம் இருக்கிறதாம்.

அதைக் கேட்டு நின்றுவிட்டேன். அவர் விழுந்த அன்று, தூக்கிவிட்டவர்களால் போனைத் திறக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் அவர் யார் என்றே ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து, மதிய மெசேஜ் இன்னும் வரவில்லையே என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் போனில் வைத்துவிட்டேன். ஆபீசில் ஒன்பது பேரையும் உட்கார வைத்து அவர்கள் போனிலும் வைத்துவிட்டேன். மேலாளர் முணுமுணுத்தார். அவருக்கும்தான்.

ஏப்ரல் 2, புதன்

புது போன் வாங்கினேன், அவருக்கு. புது சிம். சலூன்காரர் பழைய எண்ணைத் திருப்பித் தர வழி இருக்கிறதா என்று விசாரிக்கவா என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய வாடிக்கைக்காரர்களுக்கு இப்போது அதுதான் எண். லிஃப்ட் போன் வந்தால் லிஃப்ட் கம்பெனியின் எண்ணைச் சொல்லிவிடுகிறாராம். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அந்தப் பழைய காகிதத்தையும் மாற்றச் சொல்லிவிட்டாராம்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். வேண்டாத சத்தமெல்லாம் நிறுத்தினேன். முதல் திரையில் நாலே நாலு படம்: நான், மகள், டீச்சர், சலூன்காரர். தொட்டால் போதும்.

அவர் கையில் வைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். எழுதி வைத்துப் படிக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். வாய்க்கு வந்தபடிதான் வந்தது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நீங்க இனிமே பேசமாட்டீங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். உங்களை வச்சுக்கிட்டே சொன்னேன். நான் ஒரு புத்தி கெட்டவ, இல்ல?"

"ஆமா."

தலையும் மேலும் கீழும் ஆடியது. சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை மனுஷன். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் இடது கையால் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

போன் அவர் மடியிலேயே இருக்கிறது. யாரையும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

"கதவு."

டீச்சரிடம் இல்லை. சலூன்காரர் முடிவெட்ட வந்திருந்தார். போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. என் வீட்டுக்காரருக்கு எரிச்சல். "கதவு!" என்றார். சலூன்காரர் பயந்துபோய்ச் சாத்தினார். பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. சலூன்காரர் மறுபடி கதவைத் திறந்து, மறுபடி சாத்தி, மறுபடி திறந்து... பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

மே 14, புதன்

கதவு. கயிறு. போதும். இந்த மூன்றும் கைவசம். போதும் என்பது நான் பரிமாறும்போது. டீச்சருக்கு மகிழ்ச்சி, ஆனால் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறார். ஏற்றிக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான்.

காலையில் நான் கிளம்பியதும் அவர் ஒரு பதிவை எடுத்துக் கேட்கிறார். தினம் ஒன்று. சில நாள் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறேன். "மேல போ. போ. அப்படித்தான்." பழைய நாட்களில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், இந்த முணுமுணுப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அப்போது அது எனக்கு இடைஞ்சல். இன்று ஆபீசுக்கு இருபது நிமிடம் தாமதம்.

ஜூன் 5, வியாழன்

பதினொன்றரை மணி. கவுன்ட்டரில் வரிசை வாசல் வரை. கையில் ஸ்கேனர், வாயில் டேப். போன் அடித்தது. பார்த்தால் அவர் படம்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். விழுந்துவிட்டாரோ என்றும் நினைத்தேன். எடுத்தேன். மூச்சுச் சத்தம். ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிச் சத்தம். "ஏங்க? என்னாச்சு? ஏங்க?" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும், ஏதோ ஒரு மேட்டில் ஏறுகிற மாதிரி.

பிறகு, தெளிவாக,

"சொல்லு."

வாயிலிருந்த டேப் கீழே விழுந்தது. நீங்கதானே கூப்பிட்டீங்க என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சொன்னேன். காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்ததைச் சொன்னேன். மேலாளர் போட்டிருக்கிற சட்டையைச் சொன்னேன். பெரிய பெட்டி ஒன்று வந்திருக்கிறது, அதற்குள்ளிருந்து கடிகாரச் சத்தம் வருகிறது, நீங்கள் இருந்தால் காதை வைத்துக் கேட்பீர்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நிற்கட்டும்.